பினாங்கில் கப்பல் நிற்கும் நேரம்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று, நான்கு இரவுக் கப்பல் பயணங்களில் மலேசியாவின் பினாங்கு அடிக்கடி இடம்பெறும் துறைமுகம். நம் ஊரிலிருந்து சிங்கப்பூர் போய், சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அப்படியே ஒரு க்ரூஸும் போய்விட்டு வருகிறவர்கள் இப்போது நிறைய. அவர்களிடம் பினாங்கு எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான். "பஸ்ல ஏத்திட்டுப் போனாங்க. மலை ரயிலுக்கு வரிசை. ஒரு பெரிய புத்தர் கோயில். அப்புறம் சுவத்துல வரைஞ்ச சைக்கிள் படத்துக்கிட்ட நின்னு போட்டோ. ஒரே டூரிஸ்ட் கூட்டம், ஒண்ணும் பெருசா இல்ல." இதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். தமிழ் பேசுகிற ஒருவர் கப்பலிலிருந்து இறங்கி நடக்க இதைவிடப் பொருத்தமான துறைமுகம் வங்கக் கடலுக்கு அந்தப் பக்கம் கிடையாது என்பது என் எண்ணம்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பல பயணங்களில் அட்டவணையில் போட்டிருக்கும் ஊர் ஒன்று, கப்பல் நிற்கும் இடம் வேறு. பாங்காக் என்று போட்டிருப்பார்கள். நிற்பது லேம் சாபாங்கில். அங்கிருந்து பாங்காக் நூறு கிலோமீட்டருக்கும் மேல். கோலாலம்பூர் என்றால் கிள்ளான் துறைமுகம். அங்கிருந்து காரில் ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த இடங்களில் டூர் பஸ்ஸைத் தவிர்ப்பது கஷ்டம்தான். பினாங்கு அப்படியில்லை. கப்பல் வந்து நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை, பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்து கொஞ்சம் நடந்தால் மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 ஆண்டு நிறைந்த 1897இன் நினைவாக, ஆண்டுக்கு ஓர் அடி என்ற கணக்கில் 60 அடி உயரத்துக்குச் சீனச் செல்வந்தர் ஒருவர் கட்டிக்கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் பக்கத்தில் விழுந்த குண்டால் லேசாகச் சாய்ந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால் தெரியும். அதைத் தாண்டினால் ஊர்தான். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த பகுதியை வண்டி ஏறாமலே பார்த்துவிடலாம்.

அடுத்தது நேரக் கணக்கு. கப்பல் எட்டு மணி நேரம் நிற்கும் என்று போட்டிருந்தால் அந்த எட்டு மணியும் நம்முடையது இல்லை. கப்பல் நின்று, குடிநுழைவு வேலைகள் முடிந்து, ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் இறங்க ஒரு மணி நேரம் போய்விடும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரமோ அரை மணி நேரமோ முன்பாகவே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். மிச்சம் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் கொடிமலைக்குப் போய்வரத் தீர்மானித்தால், மலையடிவாரத்து ஆயர் ஈத்தாம் வரை நெரிசலில் ஊர்ந்து, மலை ரயிலுக்கு ஏறவும் இறங்கவும் வரிசையில் நின்று, மேலே கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு வருவதற்குள் பாதி நாள் முடிந்துவிடும். 1923இலிருந்து ஓடும் அந்த ரயிலும், மலை மேலிருந்து தெரியும் நீரிணையும், கீழே கெக் லோக் சி கோயிலும் அருமையானவை. பினாங்கில் இரண்டு நாள் தங்குகிறவர் கட்டாயம் போக வேண்டும். கப்பலில் வருகிறவருக்கு அவை இல்லை. ஆறு மணி நேரத்தை மூன்று கிலோமீட்டருக்குள் செலவழியுங்கள் என்றுதான் என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்.

"அந்த மூணு கிலோமீட்டரும் டூரிஸ்ட் ஏரியாதானே?" என்பார்கள். அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் கருத்து வேறுபாடு. துறைமுகத்தை ஒட்டிய இந்தத் தெருக்கள் தொடக்கத்திலிருந்தே கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்காக உருவானவை. 1786 ஆகஸ்ட் 11 அன்று பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவைக் கைக்கொண்டு கொடியேற்றினார். சில ஆண்டுகளுக்குள்ளாகவே சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்களும் மாலுமிகளும் மூட்டை தூக்குகிறவர்களும் வந்து குவிந்துவிட்டார்கள். நாள்கணக்காகக் கடலில் வந்தவனுக்கு என்ன வேண்டும்? கையிலிருக்கும் காசை மாற்ற ஒரு கடை, கடன் வாங்க ஒரு கிட்டங்கி (வட்டிக்கடை), வயிறு நிறையச் சோறு, பத்திரமாகக் கரை சேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஒரு சன்னதி, ஊர்க்காரர் யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்க ஒரு திண்ணை. இவை எல்லாமே துறையிலிருந்து பத்து பதினைந்து நிமிட நடையில் இருந்தன. பெரும்பாலானவை இன்றும் இருக்கின்றன. இறங்கி, சாப்பிட்டு, சாமி கும்பிட்டு, சாயங்காலம் கப்பல் ஏறும் பயணி இந்தத் தெருக்களுக்குப் புதிய ஆளே இல்லை.

நம் குடும்பங்களில் பலருக்கு இந்தத் துறை ஒரு காலத்தில் தெரிந்த பெயர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம். 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழியே நின்றுபோனது. காலையில் கப்பல் பினாங்கை நெருங்கும்போது சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்துவிடாமல் மேல்தளத்துக்குப் போய் நில்லுங்கள். வானம் தெளிவாக இருந்தால் வடக்கே கெடா கரையில் ஜெராய் மலை நீலமாகத் தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நாம் கடாரம் என்று படித்த நிலம். ரஜூலாவுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பு வந்த மரக்கலங்களுக்கும் அந்த மலைதான் கரைக்கு அடையாளம்.

சரி, இறங்கியாயிற்று. வாசலிலேயே டாக்சிக்காரர்களும் திரிஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்களும் சூழ்ந்துகொள்வார்கள், சிரித்துக்கொண்டே கடந்துவிடலாம். கார்ன்வாலிஸ் கோட்டையை வெளியிலிருந்து பார்த்தால் போதும். காட்டை வேகமாக வெட்டவைப்பதற்காக பிரான்சிஸ் லைட், பீரங்கியில் வெள்ளிக்காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார் என்ற கதையை மட்டும் குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டு நகருங்கள். பழைய வங்கிக் கட்டடங்கள் நிற்கும் பீச் ஸ்ட்ரீட்டில் தெற்கே கொஞ்சம் நடந்தால் வலது பக்கம் மார்க்கெட் ஸ்ட்ரீட் பிரியும். திரும்பிய உடனே வாசனை மாறிவிடும்: மசாலாப் பொடி, சாம்பிராணி, மல்லிகை. லிட்டில் இந்தியா என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் போனது அம்மாவையும் அழைத்துக்கொண்டு. அம்மாவுக்கு முட்டி வலி, வேகமாக நடக்க முடியாது, அதனால் எங்கள் நடையின் வேகத்தை அம்மாதான் தீர்மானித்தார். மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலிருந்து குயின் ஸ்ட்ரீட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஒரு பூக்கடை. நடுவயதுப் பெண் ஒருவர் நெஞ்சு உயர மேசையில் சாமந்தியையும் மல்லிகையையும் குவித்து வைத்துக்கொண்டு, நின்றபடியே கட்டிக்கொண்டிருந்தார். நூலின் ஒரு முனை மேசைக் காலில் கட்டியிருந்தது. மறுமுனை அவர் இடது கைவிரலில். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. நிமிர்ந்து வாடிக்கையாளரிடம் பேசும்போதும் கை நிற்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, ஒரு முழம் எவ்வளவு?"

"எங்கேருந்து வர்றீங்கம்மா? பேச்சு இங்கத்துப் பேச்சு மாதிரி இல்லையே."

"மாயவரம். கப்பல்ல வந்தோம்."

"எங்க பாட்டியும் நாகப்பட்டணத்துலதாம்மா கப்பல் ஏறுனாங்களாம். அந்த ஊரெல்லாம் நான் பார்த்ததில்ல." சொல்லிவிட்டு எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்தார். "முதல்ல கோயிலுக்குப் போய்ட்டு வந்துடுங்க. பன்னெண்டு மணிக்கெல்லாம் நடை சாத்திடுவாங்க. அதுக்கப்புறம் சாயங்காலம்தான் திறப்பாங்க, உங்க கப்பல் அதுக்குள்ள போயிடுமே. சாப்பாடு எங்கயும் போகாது."

கப்பலில் தரும் அச்சிட்ட தாளில் இது இருக்காது. சுற்றுலா ஊரில் குறைந்த நேரத்தில் நிறையப் பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்த வழி இதுதான்: ஊரின் கடிகாரத்தைத் தெரிந்துகொண்டு அதன்படி நடப்பது. கோயில் நடை மதியத்துக்கு முன் சாத்தும். பள்ளிவாசலில் தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் பார்வையாளர்களை விடுவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஓவியச் சுவர்களில் டூர் பஸ்கள் வந்த பிறகு கூட்டம் தாங்காது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் குறையும். காலையில் மட்டும் இருக்கிற தெருக்கடைகள் உண்டு, மாலையில் மட்டும் முளைக்கிறவையும் உண்டு. உள்ளூர்க்காரர் ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசினால் போதும், இவை தெரிந்துவிடும். அதையும் நம் மொழியிலேயே கேட்கலாம் என்பதுதான் பினாங்கு நமக்குக் கொடுத்திருக்கும் வசதி. அதைப் பயன்படுத்தாமல் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833இலிருந்து இருக்கிறது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். தஞ்சாவூர்ப் பக்கக் கோயில்களைப் பார்த்த கண்ணுக்குச் சிறியதாகத் தெரியலாம். துறைமுகக் கூலிகளாக வந்தவர்கள் கும்பிட்டுக் காத்த கோயில் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். அம்மா வாங்கிய பூவை அர்ச்சகர் வாங்கி அம்மன் மேல் சாற்றியபோது அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை.

அங்கிருந்து சூலியா ஸ்ட்ரீட்டுக்கு வந்தால் கிங் ஸ்ட்ரீட் முனையில் நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவர் கடலில் போகிறவர்களுக்குக் காவல் என்ற நம்பிக்கை நம் கரையில் மதம் பார்க்காமல் எல்லோருக்கும் உண்டு. அந்த நம்பிக்கையோடு கப்பல் ஏறியவர்கள் 1800களின் தொடக்கத்தில் இங்கேயும் அவர் பெயரில் ஒரு தர்கா எழுப்பினார்கள். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் இருப்பதும் அதே வழியில் வந்ததுதான். அளவில் சிறியது, பலர் கவனிக்காமலே தாண்டிப் போகிறார்கள். கப்பலில் வந்து இறங்கியவர் பார்க்க இந்த ஊரில் ஒரே ஒரு இடம்தான் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பக்கத்திலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801இல் கம்பெனி கொடுத்த நிலத்தில் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் எழுப்பியது. அவருடைய பூர்வீகம் நம் பரங்கிப்பேட்டை. தேவையானவர்களுக்கு மேலங்கி கொடுத்து உள்ளே அனுமதிக்கிறார்கள். பள்ளிவாசல் இருக்கும் அதே சாலையில் சீனர்களின் குவான் யின் கோயிலும், வடக்கு முனைப் பக்கம் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் இருக்கின்றன. நான்கு சமயமும் ஒரே சாலையில் என்று வழிகாட்டிகள் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு அதைவிட, கப்பலில் வந்த ஒவ்வொரு கூட்டமும் துறைக்கு மிக அருகில் கிடைத்த இடத்தில் தன் சாமிக்கு இடம் பிடித்திருக்கிறது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

இனி சாப்பாடு. நாசி கண்டார் சாப்பிடாமல் கப்பல் ஏறக்கூடாது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோள்கட்டையின் இரண்டு பக்கமும் கூடையைத் தொங்கவிட்டு, ஒன்றில் சோறும் மற்றொன்றில் குழம்பும் வைத்துத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற சோறு இது. இன்றைக்கு மலேசியா முழுக்கக் கடை போட்டுவிட்டது. கேம்பல் ஸ்ட்ரீட்டில் ஹமீதியா 1907இலிருந்து நடக்கிறது. நாங்கள் போனது அவ்வளவு பெயர் இல்லாத ஒரு கடை. வரிசை நகர நகரக் கண்ணாடிக்குப் பின்னால் தட்டுகள் தெரியும்: பொரித்த கோழி, மீன் முட்டை, பெரிய இறால், முழு வெண்டைக்காய், கறுப்பாக வதங்கிய மாட்டிறைச்சி.

"என்ன ஊத்தட்டும்ணே? கோழி, மீன், எல்லாம் கலந்தா?"

"கலந்தே ஊத்துங்க பாய்."

அவர் ஒரே கரண்டியை ஒரு சட்டியிலிருந்து இன்னொரு சட்டிக்கு மாற்றிக்கொண்டே போனார். முதலில் கோழிக் குழம்பு, அதன் மேல் மீன் குழம்பு, அடுத்து ஏதோ இனிப்பும் சோயாவும் கலந்த கறுப்புக் குழம்பு, கடைசியில் ஒரு கரண்டி தாளித்த பருப்பு. சோறு கண்ணுக்குத் தெரியவில்லை. நம் வீட்டில் இப்படிக் கலந்தால் திட்டு விழும். இங்கே நான்கும் சேர்ந்து ஐந்தாவதாக ஒரு ருசி வந்துவிடுகிறது. நட்சத்திரச் சோம்பும் கறிவேப்பிலையும் ஒரே வாயில் வருகின்றன. நம் கரையும் மலாய்க் கரையும் கலந்த ருசி. கப்பலில் எவ்வளவு சாப்பாடு இலவசமாகக் கிடைத்தாலும் துறைமுக நாளில் காலையில் கொஞ்சமாகச் சாப்பிட்டு வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு இறங்குங்கள். அம்மா சைவம். அவருக்குப் பக்கத்துத் தெருவில் வாழையிலைச் சாப்பாடு கிடைத்தது, ரசம் நன்றாக இருந்ததாம்.

ஆர்மீனியன் ஸ்ட்ரீட் ஓவியங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2012இல் எர்னெஸ்ட் ஜகாரெவிச் என்ற லிதுவேனிய ஓவியர் நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து இரண்டு குழந்தைகளை வரைந்தார். நல்ல ஓவியம். அதற்காக இருபது நிமிடம் வரிசையில் நிற்பது வீண். நடந்தபடி பார்த்துவிட்டு, எதிரே இருக்கும் கடைவீடுகளின் மேல்மாடிச் சன்னல்களைக் கவனியுங்கள். பல வீடுகள் இப்போது கஃபேக்களாகவும் சின்ன ஓட்டல்களாகவும் மாறிவிட்டன. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் முடிவுக்கு வந்ததும், தலைமுறையாக இருந்த குடித்தனக்காரர்கள் ஏராளமானோர் வெளியேற வேண்டியிருந்தது. அப்புறம் யுனெஸ்கோ, அப்புறம் நாம். அதனால் நான் காசு செலவழிப்பதென்றால் அங்கே இன்னும் குடியிருந்து தொழில் செய்கிறவர்களிடம்தான் செலவழிப்பேன்: பூக்கடை, சட்டி சுமந்தவர்களின் பேரன்கள் நடத்தும் சோற்றுக்கடை, தையல்காரர், தேநீர்க் கடை. நேரம் இருந்தால் ஒரே ஒரு மாளிகைக்கு மட்டும் டிக்கெட் எடுங்கள். என் தேர்வு கூ கோங்சி. கூ குலத்தாரின் மூதாதையர் மண்டபம், இப்போதுள்ள கட்டடம் 1906இல் முடிந்தது. கூரையின் வேலைப்பாட்டை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அங்கிருந்து கடலோரம் இறங்கினால் சியூ குலத்தாரின் மரத்துறை. கடலுக்குள் கால்கள் ஊன்றிய பலகை வீடுகள், நடுவே பலகைப் பாதை. எல்லாக் கப்பல் பயணிகளும் வருகிற இடம் இது. ஆனால் அவை வீடுகள். திறந்திருக்கும் கதவுக்குள் யாரோ ஒரு பாட்டி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப் படம் எடுக்க நமக்கு உரிமையில்லை. அறிவிப்புப் பலகைகளில் எழுதியும் வைத்திருக்கிறார்கள், அப்படியும் எடுக்கிறார்கள். தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். அதே கரையில் லிம், டான், லீ குலத்தாரின் துறைகளும் இருக்கின்றன. அங்கே கூட்டம் குறைவு, நம் அமைதியும் அவர்கள் அமைதியும் கெடாது.

வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைக்காரர்கள்கூடத் திணறும் புழுக்கம் அது, நடுவில் திடீரென்று மழையும் கொட்டும். இரண்டுக்கும் ஒரே தீர்வு அஞ்சடிதான். கடைகளின் முன்னால் கூரை போட்ட நடைபாதையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கூடியவரை அதிலேயே நடங்கள். படிகள் ஏறி இறங்கும், வயதானவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடக்க முடியாதவர்களுக்குத் திரிஷா நல்லது, ஏறும் முன்பே மணிக்கு எவ்வளவு என்று பேசிவிடுங்கள். பாரம்பரியப் பகுதியைச் சுற்றும் கேட் (CAT) என்ற இலவசப் பேருந்தும் இருக்கிறது. அம்மா கடைசிப் பகுதியை அதில் உட்கார்ந்தே பார்த்தார்.

கப்பல் சம்பந்தப்பட்ட விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். கப்பல் நடத்தும் டூரில் போனவர்கள் தாமதமானால் வழக்கமாகக் காத்திருப்பார்கள். தனியாகப் போன நமக்காகக் காத்திருக்காது. இந்த ஒரு பயத்தினால்தான் பலர் அந்த டூரை வாங்குகிறார்கள். கப்பல் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே சுற்றுகிறவருக்கு அந்தப் பயமே தேவையில்லை. இறங்கும்போது கப்பலின் நேரமும் ஊர் நேரமும் ஒன்றுதானா என்று பார்த்து, கைக்கடிகாரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் அட்டை, பாஸ்போர்ட் நகல், அன்றைய தாளில் இருக்கும் துறைமுக முகவரின் தொலைபேசி எண், கொஞ்சம் ரிங்கிட் ரொக்கம் எல்லாம் பையில் இருக்கட்டும். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு விசா விலக்கு கொடுத்திருக்கிறது. பயணத் தேதிக்கு அது நடப்பில் இருக்கிறதா என்று கப்பல் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் கவனிக்காத ஒன்று சிங்கப்பூர் விசா. பினாங்கு போய்த் திரும்பினால் சிங்கப்பூருக்குள் மறுபடி நுழைகிறீர்கள், ஒரு முறை நுழையும் விசா செல்லாது.

வாங்கிவர நல்லது ஜாதிக்காய். பதப்படுத்திய துண்டுகளாக உறையிட்டுச் சௌரஸ்தா சந்தையில் கிடைக்கும். டுரியான் பழத்தை வெளியிலேயே சாப்பிட்டுவிடுங்கள், கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள்.

இன்னொரு முறை உங்கள் கப்பல் பினாங்கில் நின்றால் அன்றைக்குத் தண்ணீர்மலை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குக் குறுக்கே போகும் பினாங்கு ஸ்ட்ரீட்டில் நகரத்தார் கோயில் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அங்கிருந்துதான் தண்ணீர்மலைக்குக் கிளம்பும். மேலே பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. கப்பலில் இறங்கியதும் நேராகக் கார் பிடித்துப் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் அந்த வெயிலில் ஏற முடியாது.